எம்.ஆர்.ஐ. அறிக்கையில் தசைநாண் கிழிசல்: தோளுக்கு எண்ணெய்க் கட்டா, அறுவை சிகிச்சையா?

கரும்பலகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். கடந்த ஆவணியில் மாடிக் கொடியில் துணி உலர்த்தும்போது வலது தோளில் சுருக்கென்று ஒரு வலி ஏற்பட்டது. தூக்கத்தில் கையை மடித்துப் படுத்திருப்பேன் என்று நினைத்து அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டேன். அதன் பிறகு கரும்பலகையில் என் கை எட்டும் உயரம் மாதத்துக்கு மாதம் இறங்கத் தொடங்கியது. ஆயுதபூசை விடுமுறைக்கு முன்பு வரை பலகையின் மேல்விளிம்பில் தேதியையும் வருகை எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டிருந்த என்னால், அரையாண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுத முடிந்தது. இப்போது தேதி எழுதும் வேலையை ஒரு மாணவியிடம் ஒப்படைத்திருக்கிறேன். கொண்டை போடவும், ரவிக்கையின் பின்புறக் கொக்கியை மாட்டவும் மகளின் உதவி தேவைப்படுகிறது. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் விழிப்பு வந்துவிடுகிறது.

முதலில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஒருவரிடம் போனேன். சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் தடவி வழித்துவிட்டார். முதல் இரண்டு முறையும் ஓரிரு நாள் இதமாக இருந்தது. மூன்றாவது முறை, என் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு கையைத் தலைக்கு மேல் வெடுக்கென்று இழுத்தார். உள்ளே ஏதோ மளுக்கென்றது. அன்று முதல்தான் இந்த இரவு வலி.

பிறகு எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். எக்ஸ்-ரேயில் குறை ஒன்றும் இல்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சூப்ராஸ்பினேட்டஸ் என்ற தசைநாணில் பகுதிக் கிழிசல் இருப்பதாகவும், மூட்டுறை தடித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறது. நுண்துளை வழியாக உள்ளே கருவியை விட்டுச் சுத்தம் செய்து, எலும்பின் முனையைச் சற்றுச் செதுக்கி, தேவைப்பட்டால் கிழிசலைத் தைத்துவிடலாம் என்றும், ஆறு வாரம் கையைத் தூளியில் தொங்கவிட வேண்டியிருக்கும் என்றும் மருத்துவர் கூறுகிறார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரவிருக்கும் நேரம் இது. என் மாமியார் நொச்சியிலை ஒத்தடமே போதும் என்கிறார். நாகர்கோவிலில் இருக்கும் என் தம்பி, மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வர்ம ஆசானிடம் அழைத்துப் போகிறேன் என்கிறான். அறிக்கையில் கிழிசல் என்று எழுதிய பிறகும் எண்ணெய், ஒத்தடம் என்று காலம் கடத்துவது சரியா? அல்லது அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதுதான் சரியா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

இயன்முறை_34

அம்மா அவர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் இயன்முறை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க இயலாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன், அறிக்கையில் இருக்கும் இரண்டு செய்திகளில் எல்லாரும் முதலாவதையே பார்த்து அஞ்சுகிறீர்கள், உங்களைப் படுத்துவதோ இரண்டாவதாக இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மூட்டுறை தடித்து இறுகிவிடும் இந்த நிலையை எங்கள் துறையில் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்போம். 1934-இல் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் காட்மன் வைத்த பெயர் அது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. வந்தால் பிடிவாதமாகவும் இருக்கிறது.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். கண்ணாடியின் முன் நின்று, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்து, ஒரு தாம்பாளத்தை ஏந்துவது போல முன்கைகளை நேராக நீட்டுங்கள். முழங்கை விலாவை விட்டு நகராமல், இரட்டைக் கதவைத் திறப்பது போல இரு கைகளையும் வெளிப்புறமாக விரியுங்கள். இடது கை நன்றாகத் திறந்து, வலது கை பாதியிலேயே நின்றுவிட்டால், உங்கள் மகளை அந்தக் கையைப் பிடித்து மெதுவாக, சிறிதும் வலுக்கட்டாயம் இல்லாமல், இன்னும் சற்று நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் நகர்த்தினாலும் பூட்டியது போல நின்றால் இறுக்கம் மூட்டுறையில் இருக்கிறது என்று பொருள். மாறாக, பிறர் தூக்கினால் கை தாராளமாக மேலே போய், அவர் விட்டவுடன் தாங்க முடியாமல் விழுந்தால், அது தசைநாண் அறுந்ததன் அடையாளம். இந்த வேறுபாடு தெளிவாகாமல் எண்ணெயா கத்தியா என்று வாதிடுவதில் பயன் இல்லை. இரண்டு நோய்க்கும் வைத்தியம் கிட்டத்தட்ட நேர்மாறானது. இறுகிய மூட்டை அசைக்க வேண்டும். தைத்த தசைநாணை ஆறு வாரம் அசையாமல் காக்க வேண்டும். இறுகிய தோளில் அவசரப்பட்டுத் தையல் போட்டு ஆறு வாரம் கட்டி வைத்தால் இறுக்கம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தோளின் அமைப்பைச் சற்று விளக்கிவிடுகிறேன், ஆசிரியர் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள். இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ அகல் விளக்கின் மேல் தேங்காயை வைத்தது போல, பெரிய பந்து மிகச் சிறிய குழியோடு ஒட்டி நிற்கிறது. அதனால்தான் கை எல்லாத் திசைக்கும் சுழல்கிறது. அதனால்தான் எளிதில் நழுவவும் செய்கிறது. அந்தப் பந்தை முன்னும் பின்னும் மேலுமிருந்து குழியோடு இழுத்துப் பிடித்திருப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளின் நாண்கள். உங்கள் அறிக்கையில் வரும் சூப்ராஸ்பினேட்டஸ் அவற்றுள் மேலே இருப்பது. அதிகம் தேய்வதும் அதுதான். ஐம்பதைக் கடந்தவர்களின் தோளைப் படம் எடுத்தால், வலி என்பதையே அறியாத பலருக்கும் பகுதிக் கிழிசல் தென்படும். தலையில் நரை தெரிவது போன்றது அது. படத்தில் இருக்கிறது என்பதற்காகவே தைக்க வேண்டியதில்லை.

எலும்பு முனையைச் செதுக்குவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1972-இல் நியர் என்ற அமெரிக்க மருத்துவர் அதை விளக்கி எழுதிய பிறகு உலகம் முழுவதும் பரவிய முறை அது. 2018-இல் பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 பேரிடம் நடந்த ஆய்வு முடிவு வெளியானது. ஒரு பிரிவினருக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு பிரிவினருக்குத் துளையிட்டு உள்ளே பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் மூடினார்கள். இரு பிரிவினருக்கும் வலி குறைந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த ஆய்வு இறுகிய தோளைப் பற்றியதன்று, தோளின் கூரை எலும்புக்கு அடியில் உரசும் வலியைப் பற்றியது. ஆகவே உங்கள் மருத்துவரிடம், “எனக்குச் செதுக்குவதால் என்ன கூடுதல் நன்மை?” என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இறுகிய தோளுக்கும் பிரிட்டனிலேயே 35 மருத்துவமனைகளில் 503 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2020-இல் வெளிவந்தது. மயக்க மருந்து கொடுத்து மூட்டை அசைத்து விடுவித்தல், நுண்துளை வழியாக மூட்டுறையை வெட்டித் தளர்த்துதல், மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியோடு முறையான இயன்முறைப் பயிற்சி என்ற மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஓர் ஆண்டு கழித்து மூன்று பிரிவினரும் தேறியிருந்தார்கள். ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாக மேம்பட்டதாகத் தெரியவில்லை. பொதுவாக இந்நோய் வலி மிகுந்த காலம், வலி குறைந்து இறுகி நிற்கும் காலம், மெல்ல இளகும் காலம் என்று ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளக்கூடியது. நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில் இருப்பதாகவே இரவு வலி காட்டுகிறது. அந்தக் கட்டத்தில் ஊசி நன்றாக வேலை செய்யும். ஆனால் ஊசி போட்ட பின் சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறும் என்பதால், உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சிக்குப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலது கையில் ஒரு சொம்பில் பாதி நீர் வைத்துப் பிடித்து, உடம்பை அசைத்து அந்த ஆட்டத்தில் கை தானாக ஊசலாடும்படி விடுங்கள். கையை நீங்கள் ஆட்டக்கூடாது. நீர் சிந்தினால் வேகம் அதிகம் என்று அறிந்துகொள்ளலாம். பிறகு சுவரைப் பார்த்து நின்று விரல்களை நண்டு ஊர்வது போல மேலேற்றி, வலி தொடங்கும் இடத்தில் நின்று, அங்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சுண்ணக்கட்டிக்கு உங்களிடம் பஞ்சம் இருக்காது. ஒரு நாளில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்தில் வலி அடங்கிவிட வேண்டும். மறுநாள் வரை நீடித்தால் மிகையாகச் செய்துவிட்டீர்கள்.

நொச்சி

வணக்கம். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, இப்போது ஓர் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பணிபுரிகிறேன். மேலே ஐயா எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். எங்கள் தரப்பிலிருந்து சேர்க்க வேண்டியவை சில உண்டு.

யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வாத நோய்களை 80 வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் தோளிலும் கையிலும் நோவு கொண்டு வரும் கும்பவாதத்தைத்தான் நாங்கள் இன்றைய இறுகிய தோளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதற்குத் தைலம், ஒற்றடம், தொக்கணம் என்ற மூன்றும் சேர்ந்துதான் வைத்தியம். தொக்கணம் என்றதும் உடம்பு பிடித்துவிடுவது என்று மக்கள் பொதுவாக நினைக்கிறார்கள். அதில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலிய ஒன்பது வகை சொல்லப்பட்டிருக்கிறது. எந்த நிலையில் எதைச் செய்யலாம் என்பதில்தான் வைத்தியனின் தேர்ச்சி இருக்கிறது. வலி கனன்றுகொண்டிருக்கும் தோளில் முறுக்கலும் இழுத்தலும் ஆகாது. உங்கள் முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்தவர் செய்தது எங்கள் வைத்தியத்தின் எந்தக் கணக்கிலும் சேராத முரட்டுத்தனம். அதைக் கண்டு பாரம்பரிய வைத்தியம் முழுவதையும் வெறுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மாமியார் சொல்லும் நொச்சியிலை ஒத்தடம் நல்லதுதான். நொச்சி, வாதநாராயணன், ஆமணக்கு, புளி ஆகியவற்றின் இலைகளை நறுக்கி, சிறிது வேப்பெண்ணெய் விட்டு இரும்புச் சட்டியில் வதக்கி, துணியில் கிழியாக முடிந்து ஒற்றுவது எங்கள் பிரிவில் அன்றாடம் நடப்பது. வலியைத் தணித்துத் தசையை இளக்கும். அந்த இளக்கத்தில் ஐயா சொன்ன பயிற்சியைச் செய்தால் கை சற்றுக் கூடுதலாக நகரும். ஆனால் நீங்கள் ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. தோலில் சூடு உணரும் தன்மை குறைந்திருக்கக்கூடும். எனவே கிழியை உங்கள் தோளில் வைப்பதற்கு முன் சர்க்கரை இல்லாத ஒருவர் தம் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தோள் வலி போய் ஆறாத புண் வந்து சேர்ந்தது.

உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் போன்றவற்றை அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவிலேயே பெற முடியும். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வெளிநோயாளியாகவும் காட்டலாம். ஆனால் பெயரும் உரிம எண்ணும் இல்லாத சூரணத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, “மூன்றே நாளில் கை தூக்கலாம்” என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பது பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி மாயமாக மறையும், சர்க்கரை ஏறும், காரணம் புரியாது. மூட்டுக்குள் அளவறிந்து போடும் ஒரே ஊசிக்கும் அளவே தெரியாமல் நாள்தோறும் விழுங்கும் பொடிக்கும் உள்ள வேறுபாட்டைச் சித்த மருத்துவனாகிய நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

வர்மத்தைப் பற்றி: குமரி மாவட்டத்து ஆசான்களிடம் உண்மையான கைத்திறம் இருக்கிறது. 108 என்று எண்ணப்படும் வர்மப் புள்ளிகளில் அளவோடு விரலால் அழுத்தி நோவைத் தணிக்கும் அவர்களது முறையை நான் மதிக்கிறேன். அது வலிக்கு இதம் தரலாம். அறுந்த தசைநாணை அது ஒட்ட வைக்கும் என்று எந்த நேர்மையான ஆசானும் சொல்ல மாட்டார். தம்பியின் மனத்தைப் புண்படுத்த வேண்டாம் என்றால் போய் வாருங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையோடு கொண்டுபோய், “இழுக்கவோ திருகவோ வேண்டாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மஞ்சள்காடு

ஈரோடு மாவட்டத்தில் மஞ்சள் பயிரிடும் விவசாயி நான். வயது 61. என் கதை டீச்சருடையதற்கு நேர்மாறானது. அதனாலேயே எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மொபெட்டில் போகும்போது நாய் குறுக்கே வந்து, கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்-ரேயில் எலும்பு முறியவில்லை என்றார்கள். எலும்புதான் முறியவில்லையே என்ற துணிச்சலில், பெயர்பெற்ற ஒரு வைத்தியசாலைக்குப் போய், முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டு போட்டுக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு கட்டு என்று நான்கு மாதம் போனது. அங்கே மரியாதையாகத்தான் நடத்தினார்கள். குறைந்த காசுதான் வாங்கினார்கள். ஆனால் என் கை நானாகத் தூக்கினால் மார்பு வரைக்கும்கூட வராது. என் மனைவி பிடித்துத் தூக்கினால் தலைக்கு மேல் போகும். ஐயா மேலே சொன்ன அந்த அடையாளம் அன்றைக்கே என் கண்முன் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. நாளாக ஆக, முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்புக்கு மேலே குழி விழுந்து தசை வற்றிப் போனது.

கோயம்புத்தூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தசைநாண் முழுவதும் அறுந்து உள்ளே சுருங்கிப் போயிருந்தது. தசை கொழுப்பாக மாறத் தொடங்கிவிட்டது, இன்னும் தாமதித்தால் தைத்தாலும் பிடிக்காது என்றார் மருத்துவர். விழுந்த சில வாரங்களிலேயே வந்திருந்தால் இழுத்து வைத்துத் தைப்பது எளிதாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். எலும்பில் ஆங்கர் என்னும் சிறு பிடிப்பாணிகள் மூன்றைப் பதித்து அவற்றின் நூலால் நாணைக் கட்டினார்கள். கழுத்துப் பக்கம் நரம்பை மரக்க வைக்கும் ஊசி போட்டதால் அன்று இரவு வரை கை யாருடையதோ போலக் கிடந்தது. அது தெளிந்த பிறகுதான் உண்மையான வலி தெரிந்தது.

அறுவைக்கு முன் யாரும் எனக்குச் சொல்லாதவற்றைச் சொல்கிறேன். ஐந்து வாரம் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினேன். மல்லாந்து படுக்க முடியாது. சட்டை போடும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். வேட்டியை ஒற்றைக் கையால் கட்ட முடியாது என்பதால் ஆயுளில் முதல்முறையாக எலாஸ்டிக் வைத்த கால்சட்டை போட்டு ஊருக்குள் நடந்தேன். அக்குளைக் கழுவ முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட வேண்டும். ஆறு வாரம் கழித்துத் தூளியைக் கழற்றியபோது கை மரக்கட்டையாக இருந்தது. அதை அசைய வைக்க நான்கு மாதப் பயிற்சி. எடை தூக்க எட்டு மாதம். இன்று வலி இல்லை. முதுகில் மருந்துத் தெளிப்பானை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறேன். ஆனால் மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்க முடியவில்லை, இனி முடியும் என்றும் தோன்றவில்லை. அறுவையால் வந்த குறையன்று அது, நான்கு மாதத் தாமதத்தால் வந்தது.

வேம்படி

இவ்வளவு எதற்கு? என் அத்தைக்கு இதே போல் கை தூக்க முடியாமல் இருந்து, ஒன்றும் செய்யாமலே இரண்டு வருடத்தில் தானாகச் சரியாகிவிட்டது. மருத்துவமனைக்குப் போனால் கத்தி வைக்காமல் விடமாட்டார்கள். எண்ணெய் தடவிக்கொண்டு பொறுமையாக இருங்கள்.

இயன்முறை_34

வேம்படி அவர்களுக்கு: உங்கள் அத்தைக்கு வந்தது இறுகிய தோளாக இருந்தால் தானாகத் தேறியிருப்பதில் வியப்பில்லை. அதே போல மஞ்சள்காடு ஐயா நான்கு மாதம் பொறுத்திருந்ததால்தான் மண்வெட்டியை ஓங்க முடியாமல் இருக்கிறார். இன்னொன்றையும் இங்கே பதிந்துவிடுகிறேன். தோளில் வரும் வலியெல்லாம் தோளுக்குச் சொந்தமானதன்று. கழுத்து எலும்பில் நரம்பு அழுந்தினாலும் அங்கே வலிக்கும். பித்தப்பைக் கல்லால் வலது தோள் வலிக்கலாம். வியர்வை, மூச்சுத் திணறல், நெஞ்சில் பாரம் இவற்றோடு தோளிலோ கையிலோ வலி வந்தால் எண்ணெயைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பாடிகோடு

இதே இடத்தில் ஒரு கிளைக்கேள்வி கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் கபடி ஆடும் என் மகனுக்கு வயது 19. பிடியில் சிக்கித் தோள் இறங்கிவிட்டது. திடலிலேயே ஒருவர் அக்குளில் குதிகாலை வைத்துக் கையை இழுத்து ஏற்றிவிட்டார். இரண்டு மாதத்தில் மறுபடியும் இறங்கியது. கட்டு போட்டால் நிற்குமா?

இயன்முறை_34

அக்குளில் குதிகாலை வைத்து இழுப்பது நம் ஊர் முறை என்று பலரும் நினைக்கிறார்கள். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயராலேயே வழங்கும் பழைய முறை அது. நரம்புக்கு ஆபத்து என்பதால் இன்று பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். எக்ஸ்-ரே பார்க்காமல் இழுத்தால், எலும்பு முறிந்திருப்பது தெரியாமல் அதையும் பிரித்துவிடக்கூடும். காவலர் சட்டையில் கைப்பட்டை தைத்திருக்கும் இடத்தில், மேற்கையின் வெளிப்புறத்தில், மகனுக்குத் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மரத்திருந்தால் நரம்பு அடிபட்டிருக்கிறது. இருபது வயதுக்குள் தோள் ஒருமுறை நழுவினால் மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். குழியின் விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையம் பிய்ந்திருப்பதே காரணம், வெளிக்கட்டு அதை ஒட்ட வைக்காது. 1923-இல் பாங்கர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிய அந்தப் பழுதை இன்று நுண்துளை வழியாகத் தைக்கிறார்கள். குழியின் எலும்பே தேய்ந்திருந்தால், லாத்தார்ஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1954-இல் கண்ட முறையில் பக்கத்து எலும்புத் துண்டை எடுத்து முன்னால் பதிக்கிறார்கள். தொடர்ந்து ஆடப்போகும் பையனுக்கு அறுவை சிகிச்சை என்றால் நான் தயங்க மாட்டேன். அதுவரை ஆட்டம் வேண்டாம்.

கரும்பலகை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். ஐயா சொன்ன கதவு திறக்கும் சோதனையை அன்றே செய்தேன். இடது கை நன்றாக விரிந்தது. வலது கை நேராக நீட்டிய இடத்திலிருந்து நான்கு விரற்கடைகூட நகரவில்லை. மகள் நகர்த்தியபோதும் சுவரில் இடித்தது போல நின்றது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வேறொரு எலும்பு மருத்துவரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன் என் கையைத்தான் பத்து நிமிடம் அசைத்துப் பார்த்தார். இறுகிய தோள்தான் என்றும், பகுதிக் கிழிசலை இப்போது தொட வேண்டியதில்லை என்றும், ஆறு மாதத்தில் தேறவில்லை என்றால் மயக்கம் கொடுத்து விடுவிப்பதைப் பற்றிப் பேசலாம் என்றும் கூறினார். முதலில் பார்த்த மருத்துவரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, காத்திருந்து பார்க்கலாம் என்றார்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1சி.) 9.4 சதவீதம் என்று வந்தது, அதுவே எனக்குப் பேரதிர்ச்சி. தோளைக் காட்டப் போய்ச் சர்க்கரை மாத்திரை மாறியது. ஊசி போட்ட பிறகு மூன்று நாள் சர்க்கரை 300-ஐத் தாண்டி நின்று பிறகு இறங்கியது. ஐந்தாம் நாள் முதன்முறையாக இரவு முழுவதும் தூங்கினேன். காலையில் நொச்சிக் கிழி, அது ஆறுவதற்குள் சொம்பு ஊசல், பிறகு சுவர். கிழியை முதலில் மாமியார் தம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருகிறார். சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முதல் கோடு என் மோவாய் உயரத்தில் இருந்தது. நேற்றைய கோடு நெற்றிக்கு மேலே மூன்று விரற்கடை. கொண்டையை நானே போட்டுக்கொள்கிறேன். ரவிக்கைக் கொக்கி மட்டும் இன்னும் எட்டவில்லை. மார்த்தாண்டத்துக்குப் போகவில்லை, தம்பிக்கு வருத்தம்தான்.

ஒரே ஓர் ஐயம். முதல் ஊசி இவ்வளவு இதம் தந்திருப்பதால் இன்னொன்றும் போட்டுக்கொண்டால் விரைவாக முடியுமா?

இயன்முறை_34

மகிழ்ச்சி, அம்மா. இரவில் தூக்கம் வந்துவிட்டது, கோடும் ஏறுகிறது என்றால் இப்போது இரண்டாவது ஊசிக்குத் தேவை இல்லை. ஊசி வலியைத்தான் குறைக்கும். இறுக்கத்தை இளக்குவது உங்கள் சுவர்ப் பயிற்சி. அடுத்தடுத்துப் போடும் ஊசியால் ஏற்கெனவே தேய்ந்திருக்கும் தசைநாண் நலியவும் கூடும். மறுபடி இரவு வலி வந்தாலோ, தொடர்ந்து நான்கு வாரம் கோடு நகராமல் நின்றாலோ மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகுக்குப் பின்னால் கை போவது எல்லாருக்கும் கடைசியில்தான் வரும். ரவிக்கைக் கொக்கிக்கு இன்னும் சில மாதம் ஆகலாம். குளித்த பிறகு முதுகுக்குப் பின்னால் துண்டின் இரு முனைகளையும் பிடித்து, மேலிருக்கும் இடது கையால் வலது கையை மெதுவாக மேலே இழுத்துப் பழகுங்கள். பலகையில் தேதி எழுதும் அந்த மாணவியை மட்டும் தேர்வு வரை மாற்ற வேண்டாம். கை எட்டுகிறது என்பதற்காக ஒரு நாளில் ஐந்து பாடவேளை தலைக்கு மேலே எழுதினால் அன்றிரவே தோள் கணக்குக் கேட்கும்.